அடுத்தவர் கல்புக்கு நாம் வைத்தியர் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் செருப்புத் தேடுகிற அந்த ஐந்து நிமிடத்தில் நம்மூரில் நடக்கும் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். குத்பா பொறாமையைப் பற்றி இருந்தால், "இண்டைக்கு மௌலவி அவருக்குத்தான் குடுத்தாரு" என்பார் ஒருவர். பெருமையைப் பற்றி இருந்தால், "முன் ஸஃப்புல இருந்தவருக்கு நல்லா உறைச்சிருக்கும்" என்பார் இன்னொருவர். முகஸ்துதியைப் பற்றி என்றால் பேச்சே தேவையில்லை, ஒரு சிரிப்புப் போதும். அன்று பின்னேரமே அந்தக் குத்பாவின் ஓடியோ ஊர் வட்ஸ்அப் குழுமத்துக்கு வந்துவிடும். அனுப்புபவர் யாரை நினைத்து அனுப்புகிறார் என்பது குழுமத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். மருந்துத் துண்டு கைக்கு வந்தது. ஆளுக்கு ஆள் அதில் வேறு யாருடைய பெயரையோ எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கல்பின் நோய்களைப் பற்றி நம்மூருக்கு அறிவு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ரியா, கிப்ர், ஹஸத், உஜ்ப் என்று மத்ரஸா வாசலை மிதிக்காதவர்களுக்கும் பெயர்கள் தெரியும். ரமழான் முழுக்கப் பயான் கேட்கிறோம். ஆனால் அந்த அறிவை எல்லாம் அடுத்த வீட்டுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். யாருக்குப் பெருமை, யாருக்குப் பொறாமை, யார் பேருக்காகச் செய்கிறார் என்று நாமே சோதித்து, நாமே நோயின் பெயரைச் சொல்லி, ஊருக்கு அறிவித்தும் விடுகிறோம். வெறும் வாய்ப்பழக்கம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பழக்கத்தால் பிள்ளைகளுக்குக் கொப்பி கிடைக்காமல் போகிறது. பள்ளிக் கணக்கைக் கேட்டவர் வாயை மூடிக்கொள்கிறார். வைத்தியரிடம் போக வேண்டியவர் அறைக்குள் முடங்கிக் கிடக்கிறார். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஸூரதுல் பகராவின் 10வது வசனம் உள்ளங்களில் நோய் உள்ளவர்களைப் பற்றிச் சொல்கிறது. அங்கே பேசப்படுபவர்கள் முனாபிக்குகள். அவர்களைப் பற்றிய இரகசியத்தை நபி (ஸல்) அவர்கள் ஹுதைபா (ரழி) அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். பிற்காலத்தில் உமர் (ரழி) அவர்கள் கலீபாவாக இருந்தார்கள். நாட்டை ஆளுபவருக்கு அந்தப் பட்டியல் எவ்வளவு பெறுமதியானது! அவர்கள் ஹுதைபாவிடம் போய்க் கேட்டது ஒரேயொரு பெயரைப் பற்றித்தான். அதில் என் பெயர் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்ற ஹுதைபா, உங்களுக்குப் பிறகு வேறு யாருக்கும் இப்படிப் பதில் சொல்ல மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

ஹன்ழலா (ரழி) அவர்களின் சம்பவத்தையும் கேட்டிருப்பீர்கள். நபியவர்களின் எழுத்தாளர்களில் ஒருவர். வழியில் அபூபக்ர் (ரழி) அவர்களைச் சந்தித்தபோது, ஹன்ழலா முனாபிக் ஆகிவிட்டான் என்று தன்னைப் பற்றியே முறையிட்டார். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன்னால் தெரிகின்றன. வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் தோட்டம் துரவுகளோடும் இருக்கும்போது எல்லாம் மறந்துவிடுகிறது என்பது அவருடைய கவலை. அபூபக்ர் அவர்கள் அவரைக் குறையாகப் பார்க்கவில்லை. எனக்கும் அப்படித்தான் என்றார்கள். இரண்டு பேருமாக நபியவர்களிடம் போனார்கள். அந்த நிலையிலேயே எப்போதும் இருந்தால் மலக்குகள் வீதியில் வந்து கைகொடுப்பார்கள், ஆனால் இதற்கு ஒரு நேரம் அதற்கு ஒரு நேரம் என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நோயாளி தானாக வந்தார், கூட வந்தவரும் தன் நோயைச் சொன்னார், வைத்தியம் இலேசாக முடிந்தது. இதே ஹன்ழலாவைப் பார்த்து இன்னொருவர் நீ முனாபிக் என்று சொல்லியிருந்தால் அந்தச் சம்பவம் எப்படிப் போயிருக்கும்?

அப்படிப் போன சம்பவமும் நம்மிடம் உண்டு. உஸாமா பின் ஸைத் (ரழி) அவர்கள் ஒரு போரில் எதிரி ஒருவரை மடக்கிப் பிடித்தார்கள். வாளைக் கண்டதும் அவர் கலிமாவைச் சொன்னார். உஸாமா அவரைக் கொன்றுவிட்டார்கள். செய்தி நபியவர்களுக்குப் போனது. ஆயுதத்துக்குப் பயந்துதான் சொன்னார் என்பது உஸாமாவின் விளக்கம். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்; கண்முன்னால் நடந்ததைப் பார்த்தால் நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் உண்மையாகச் சொன்னாரா இல்லையா என்று அறிய அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தாயா என்று நபியவர்கள் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் இஸ்லாத்துக்கு வந்திருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கும் அளவுக்குக் கேட்டார்கள். உஸாமா அவர்கள் நபியவர்களின் செல்லப் பிள்ளை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம்மூருக்கு வருவோம்.

ஒவ்வொரு வருடமும் பாடசாலை தொடங்கும்போது வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பவர்கள் எந்த ஊரிலும் ஒரு சிலர் இருப்பார்கள். பெரிய பணக்காரர்கள் என்றில்லை. கடை வைத்திருப்பவர், வெளிநாட்டில் இருந்து மாதாமாதம் ஒதுக்கி அனுப்புபவர், இப்படி. யாரோ ஒருவர் குழுமத்தில் ஒரு வரி போடுவார்: "பிரதேச சபைக்கு நிக்கப் போறாரு போல." கீழே பத்துச் சிரிப்பு. கொடுத்தவர் பதில் எழுத மாட்டார். அடுத்த வருடம் அவருடைய பொதி வராது. ஏன் என்று கேட்டால் "நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு" என்பார். பொதி வராத விஷயம் சிரித்தவர்களுக்குத் தெரியாது. பழைய கொப்பியில் மிஞ்சிய பக்கங்களைக் கிழித்துத் தைத்துக்கொண்டு வரும் பிள்ளைக்குத் தெரியும், அந்தப் பிள்ளையின் வகுப்பாசிரியருக்குத் தெரியும்.

இந்தச் சிரிப்பின் வரலாறு பழையது. ஸூரதுத் தவ்பாவின் 79வது வசனம் இறங்கிய பின்னணியை புஹாரியில் வாசிக்கலாம். ஸதகா கொடுக்கும்படி ஏவப்பட்டபோது ஸஹாபாக்கள் கூலிக்குச் சுமை தூக்கிக்கூடச் சம்பாதித்துக் கொண்டுவந்தார்கள். அபூ அகீல் (ரழி) அரை ஸாஉ கொண்டுவந்தார். இன்னொருவர் அதிகமாகக் கொண்டுவந்தார். அதிகம் கொடுத்தவரைப் பார்த்து, இது முகஸ்துதிக்கு என்றார்கள். அரை ஸாஉவைப் பார்த்து, இது அல்லாஹ்வுக்கு எதற்கு என்றார்கள். கூடக் கொடுத்தாலும் பேச்சு, குறையக் கொடுத்தாலும் பேச்சு. பேசியவர்கள் முனாபிக்குகள். அதாவது மற்றவரின் ஸதகாவில் ரியா இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்ன முதல் நிபுணர்களை அல்குர்ஆன் எந்தப் பட்டியலில் வைத்தது என்பதை, குழுமத்தில் சிரிப்புப் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசிக்கலாம்.

கொடுத்தவர் நிறுத்தியதும் சரியல்ல. மனிதர்களுக்காக ஓர் அமலை விடுவதும் ரியாதான் என்ற கருத்து ஃபுளைல் பின் இயாழ் (ரஹ்) அவர்களுடையதாக அறியப்பட்டது. ரியாவுக்குப் பயந்து நன்மையையே விட்டுவிட்டால், தலைவலிக்குத் தலையை வெட்டிய கதைதான். ஆனால் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியவர்கள் நாம்.

உடனே ஒரு கேள்வி வரும். அப்படியானால் உலருணவுப் பொதியைக் கையில் கொடுத்து, வாங்குகிற விதவைத் தாயின் முகத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து பேஸ்புக்கில் போடுபவரை ஒன்றும் சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும். வகுப்பில் உள்ள ஒரு பிள்ளை, சப்பாத்து வாங்கும் தன்னுடைய படத்தைக் கூட்டாளிமாரின் போனில் பார்க்கிறான். அடுத்த நாள் இடைவேளைக்கு வெளியே வர மாட்டான். அந்தப் படம் கண்ணுக்குத் தெரிகிற அநியாயம். அதை எடுத்தவரிடம் போய், இந்தப் படத்தை நீக்குங்கள், பிள்ளையின் மானம் போகிறது என்று சொல்லலாம். அவருடைய நிய்யத் தங்கமாகவே இருந்தாலும் படம் பிழைதான். நிய்யத்தைப் பற்றி ஒரு சொல்லும் தேவைப்படாது. அப்படிச் சொன்னால் பெரும்பாலும் நீக்கிவிடுவார். "உங்களுக்கு ரியா" என்று தொடங்கினால், கல்பைப் பற்றிய வழக்கு நடக்குமே ஒழியப் படம் அங்கேயே கிடக்கும்.

இந்தப் பிரிவினையை உமர் (ரழி) அவர்கள் மிகத் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நபியவர்களின் காலத்தில் வஹீ இறங்கி மனிதர்களின் உள்ளே இருப்பதை வெளிப்படுத்தியது. இப்போது வஹீ நின்றுவிட்டது. இனி உங்கள் வெளிப்படையான செயல்களைக் கொண்டுதான் உங்களை எடுத்துக்கொள்வோம், உள்ளே இருப்பதற்கு அல்லாஹ் கணக்குக் கேட்பான் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். வஹீ நின்று 1,400 வருடம் ஆகிவிட்டது. நம்மூரில் மட்டும் இன்னும் சிலருக்கு இறங்கிக்கொண்டிருப்பது போலத்தான் பேச்சு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நீதி ஆகாது. பள்ளி நிர்வாகமாகட்டும், ஸகாத் குழுவாகட்டும், பாடசாலை அபிவிருத்திச் சங்கமாகட்டும், யாராவது எழுந்து வரவு செலவைக் கேட்டால் வரும் முதல் பதில் என்ன? "இவருக்குப் பொறாமை." "பதவி கிடைக்கல்ல, அதான்." கேட்டவருடைய கல்புக்கு ஒரு நோய் ஒட்டப்பட்டுவிடும். கேள்வி அப்படியே நிற்கும். அவருக்கு உண்மையிலேயே பொறாமை இருக்கலாம், நமக்குத் தெரியாது. பொறாமையோடு கேட்டாலும் பற்றுச்சீட்டு பற்றுச்சீட்டுத்தானே! கணக்குச் சரியாக இருந்தால் மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். ஸகாத் சேகரிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்தபோது, நபியவர்கள் மிம்பரில் ஏறி அந்தச் செயலைக் கண்டித்தார்கள். தாய் தகப்பன் வீட்டில் இருந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதுதான் கேள்வி. அது கணக்கைப் பற்றிய கேள்வி. அவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்ற ஆராய்ச்சி அதில் இல்லை. கணக்குக் கேட்பது தப்பான எண்ணமும் அல்ல, கணக்குக் காட்டுவது அவமானமும் அல்ல. பொறாமை என்ற சொல்லை இப்படிப் பூட்டாகப் பாவிப்பவர்கள், அந்தச் சொல்லின் கனத்தையே குறைத்துவிடுகிறார்கள்.

ஒரு சமூகமாக நமக்கு இதில் இன்னும் கூடுதலான உணர்வு இருந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்த நாட்டில் நம் உள்ளத்தை நம்முடைய உடுப்பைக் கொண்டு வாசித்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகம் மூடுவது தடைசெய்யப்பட்டது. முகத்தைத் திறந்து அபாயா மட்டும் போட்டுக்கொண்டு போனவர்களும் பஸ்ஸிலும் வைத்தியசாலையிலும் பார்வையால் சோதிக்கப்பட்டார்கள். தாடியின் நீளத்தில் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்பதை வெளியே எடுத்துக் காட்ட வழியில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதே சோதனையை நாம் நம் ஆட்களுக்கே செய்கிறோம். தொப்பி இல்லாமல் தொழுதால் இன்ன நோய், விரலை அசைத்தால் இன்ன நோய் என்று ஜமாஅத்துக்கு ஜமாஅத் வைத்திருக்கும் நோய்ப் பட்டியல்களைப் பற்றி எழுதப் போனால் இந்தப் பதிவு முடியாது. விட்டுவிடுவோம்.

எல்லாவற்றிலும் கவலைக்குரிய விஷயம் வேறொன்று. ஏ.எல். பெறுபேறு வந்த பிறகு அறையை விட்டு வெளியே வராத பிள்ளை. குழந்தை பிறந்து இரண்டு மாதமாகியும் காரணம் இல்லாமல் அழுதுகொண்டிருக்கும் தாய். வியாபாரம் விழுந்த பிறகு தூக்கம், சாப்பாடு எல்லாம் போய், வாழ்வதில் அர்த்தம் இல்லை என்று பேசத் தொடங்கிய வாப்பா. இவர்களுக்கு நம்மூர் சொல்லும் நோயின் பெயர் "ஈமான் பலவீனம்". கல்பு கெட்டுப்போயிட்டு, திக்ரைக் கூட்டு, தஹஜ்ஜுத் தொழு. திக்ரும் தொழுகையும் மனதுக்கு ஆறுதல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் மனச்சோர்வு என்பது பாவத்தின் பெயர் அல்ல, நீரிழிவு போல ஒரு நோயின் பெயர். அதற்கு வைத்தியரும் மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. நோயாளிக்கு ஏற்கெனவே தன் மேல் வெறுப்பு. அதற்கு மேல், அல்லாஹ்வும் உன்னோடு கோபமாக இருக்கிறான் என்ற கருத்தையும் நாம் ஏற்றி வைத்தால் அவர் எங்கே போவார்?

நம் முன்னோர் இந்த வித்தியாசத்தை அறிந்திருந்தார்கள். ஹிஜ்ரி 322இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்துக்கும் உள்ளத்தின் நலத்துக்கும் சேர்த்து ஒரு நூலே எழுதினார். கவலை, பயம், கோபம், திரும்பத் திரும்ப வரும் கெட்ட எண்ணங்கள் என்று பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார். வெளியில் காரணம் உள்ள கவலையையும் காரணமே தெரியாமல் வரும் கவலையையும் வேறாக்கி, இரண்டாவது உடலோடு சம்பந்தப்பட்டது, அதற்கு உடல் வைத்தியமும் வேண்டும் என்றார். ஆயிரம் வருடத்துக்கு முன் எழுதியது. நாம் இன்னும் தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டு, விஷயம் வெளியே தெரியாமல் இருந்தால் போதும் என்று இருக்கிறோம். பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் இருக்கிறது, இலவசம். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம். இந்த இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பொம்புளப் புள்ளைக்குக் கலியாணம் தடைப்படும் என்று மறைப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: உயிரோடு இருந்தால்தானே கலியாணம்?

சரி, நம்முடைய சொந்தக் கல்பை எப்படித்தான் சோதிப்பது?

இதில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கையே ஒரு பாடம். குறிப்பாக ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு. ஹிஜ்ரி 484இல், கி.பி. 1091இல், பக்தாதின் நிழாமிய்யாவில் தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்டபோது அவர்களுக்கு வயது முப்பத்துச் சொச்சம். முன்னால் 300 மாணவர்கள். அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய ஆசிரியப் பதவி இருக்கவில்லை. நாலு வருடத்தில் தன் படிப்பித்தலை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அது அல்லாஹ்வுக்காக இருக்கவில்லை, பெயருக்கும் புகழுக்குமாக இருந்தது என்று கண்டார்கள். யாரும் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஊரே புகழ்ந்துகொண்டிருந்த நேரம். ஆறு மாதம் போகவா இருக்கவா என்று தத்தளித்தார்கள். கடைசியில் நாக்கு கட்டிப்போனது, வகுப்பில் ஒரு சொல் பேச முடியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வைத்தியர்கள் வந்து பார்த்தார்கள் (அவர்கள் வைத்தியர்களை வர வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்). இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவியது, உள்ளத்தின் பாரம் இறங்கினால் ஒழிய மருந்து பிடிக்காது என்றார்கள் வைத்தியர்கள். ஹிஜ்ரி 488இல் இமாம் பதவியை விட்டுவிட்டு பக்தாதிலிருந்து புறப்பட்டார்கள். இதையெல்லாம் வேறு யாரும் எழுதவில்லை. "அல்முன்கித் மினழ் ழலால்" என்ற நூலில் தானே எழுதி வைத்தார்கள்.

இஹ்யாவில், தன் குறையைத் தான் அறிய நாலு வழி சொல்கிறார்கள். உள்ளத்தின் குறைகளை அறிந்த ஒரு ஷைஹிடம் இருந்து படிப்பது. உண்மையைச் சொல்லும் ஒரு நண்பனை வைத்துக்கொள்வது. எதிரிகளின் வாயிலிருந்து தெரிந்துகொள்வது. மக்களோடு கலந்து பழகி, மற்றவரில் கண்டு வெறுக்கும் குணம் தன்னிடம் இருக்கிறதா என்று பார்ப்பது.

முதலாவது வழி தன் காலத்திலேயே அரிதாகிவிட்டது என்று இமாமே கவலைப்படுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி நாம் யோசிக்கலாம். "மச்சான், நேத்து நீ பேசினது சரியில்ல" என்று தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லக்கூடிய ஒரு கூட்டாளி நமக்கு இருக்கிறாரா? பேஸ்புக்கில் 2,000 நண்பர்கள் இருப்பார்கள். "மாஷா அல்லாஹ் சேர்" என்று எழுதுவார்கள். மூன்றாவது வழிதான் இந்தக் காலத்துக்கு மிகவும் பொருத்தம். குறையை மறைத்துப் புகழும் நண்பனைவிட, குறையைத் தோண்டி எடுக்கும் எதிரியால் மனிதனுக்குப் பிரயோசனம் அதிகம் என்பது இமாமின் கருத்து. எதிரி கூட்டித்தான் சொல்வான். ஆனாலும் அந்தக் கூட்டலுக்குள் ஒரு பிடி உண்மை இருக்கும். நாமோ அப்படி ஒரு கொமண்ட் வந்த உடனே ஆளை புளொக் பண்ணிவிடுகிறோம், பீஸ் வாங்காத வைத்தியரை வாசலோடு திருப்பி அனுப்புவது போல. நாலாவது வழி, செருப்புத் தேடும் நேரத்துப் பேச்சை அப்படியே தலைகீழாகத் திருப்புகிறது. முன் ஸஃப்பில் இருந்தவரிடம் பெருமை தெரிகிறதா? தெரிந்த கையோடு அது நம்மிடம் எந்த உருவத்தில் இருக்கிறது என்று தேடச் சொல்கிறார்கள். அவரைப் பற்றிய வேலை அந்த இடத்தில் முடிந்தது.

சிகிச்சை என்று வந்தால் இமாமின் அடிப்படை எளிமையானது. சூட்டு வியாதிக்குக் குளிர்ச்சி, குளிருக்குச் சூடு என்பது போல, கல்பின் நோய்க்கும் அதன் எதிர்ச் செயல்தான் மருந்து. கஞ்சத்தனத்துக்கு, கை நடுங்கினாலும் கொடுப்பது. பெருமைக்கு, பணிவான வேலையை வலிந்து செய்வது. பொறாமைக்கு, பொறாமை எதைச் சொல்லத் தூண்டுகிறதோ அதன் எதிரைச் செய்வது: குறை பேசத் தூண்டினால் புகழ வேண்டும், தடுக்கத் தூண்டினால் கொடுக்க வேண்டும். உள்ளுக்கு விருப்பம் இல்லாமல்தான் தொடங்கும். செய்யச் செய்யப் பழகிவிடும் என்கிறார்கள். கசப்பு மருந்து என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வரும் நாளில் நம்மூரில் இந்த மருந்து எவ்வளவு தேவை என்பது எந்தப் பாடசாலையில் கேட்டாலும் தெரியும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளையின் படம் பதாகையில் தொங்கும். இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை அந்தப் பதாகைக்குக் கீழால் தினமும் நடந்து வரும். வயது பத்து! பெரியவர்களின் போட்டி அது, சின்னவர்களின் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது. ஒரே வீதியில் இருக்கும் ராத்தாவும் தங்கச்சியும் அந்த ஒரு பெறுபேற்றால் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். "அதுக்கு டியூசன்ல பேப்பர் முன்னுக்கே குடுத்திருப்பாங்க" என்ற பேச்சு கிளம்பும். அந்த நேரத்தில் கால் இழுக்க இழுக்க அந்த வீட்டுக்குப் போய், பிள்ளையின் தலையைத் தடவி, பாரகல்லாஹ் சொல்லி, கையில் ஒரு சின்னப் பரிசு கொடுத்துவிட்டு வருகிற உம்மா, ஐந்நூறு வருடம் பயான் கேட்டாலும் கிடைக்காத சிகிச்சையைப் பெற்றுக்கொண்டு வருகிறார். பாஸான பிள்ளையின் உம்மாவுக்கும் மருந்து உண்டு. சேர்த்து வைத்த கடந்தகால வினாத்தாள்களையும் குறிப்புகளையும் கட்டி, அடுத்த வருடம் எழுதப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். நம் பிள்ளையைவிட அந்தப் பிள்ளை கூட எடுத்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒன்று கடிக்கும். அந்தக் கடியோடேயே கொடுக்க வேண்டும். கடிக்கிறது என்பதை அறிந்துகொண்டது பாதி வைத்தியம்.

அப்படிப் போனவரைப் பார்த்து, "உள்ளுக்கு ஒண்டு வெளியில ஒண்டு, நடிக்கிறா" என்று சொல்வதற்கும் நம்மூரில் ஆள் இருக்கும். நடிப்பாகவே இருக்கட்டும். மருந்து குடிக்கிறவர் முகத்தைச் சுளிக்கிறார் என்பதற்காக அவர் கையிலிருந்து கோப்பையைப் பறிப்பதா?

இந்தப் பதிவைப் பகிர்வது உங்கள் விருப்பம். ஒரு வேண்டுகோள் மட்டும்: கீழே யாரையும் டெக் பண்ண வேண்டாம்.

கஸ்ஸாலி இமாம் 11 வருடத்துக்குப் பிறகு, ஹிஜ்ரி 499இல், நிஷாபூரில் மறுபடியும் படிப்பிக்க வந்தார்கள். முன்னர் பதவியைத் தேடித்தரும் அறிவைப் படிப்பித்தேன், இப்போது பதவியை விடவைக்கும் அறிவைப் படிப்பிக்கிறேன், இதுதான் என் நிய்யத் என்று எழுதினார்கள். அதோடு நிறுத்தவில்லை. அந்த இலக்கை அடைவேனா, இடையில் அறுந்துவிடுவேனா என்பது எனக்குத் தெரியாது என்ற கருத்தையும் அடுத்த வரியிலேயே சேர்த்து வைத்தார்கள்.